இரண்டாவது தவணை

அழைப்பு மணி அடித்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் இந்த நேரத்துக்கு நான் அங்கேதான் நிற்பது. மேலே நாலாவது மாடியிலிருந்து லூர்து டீச்சரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து டயாலிசிஸுக்கு இறக்குவார்கள். நாற்காலியின் கால் சுவரில் இடிக்கும், யாராவது "மெதுவா, மெதுவா" என்பார்கள், டீச்சரின் மகள் ஷீபாவின் செருப்பு முன்னால் இறங்கும், அந்தச் சத்தமெல்லாம் மூன்றாவது மாடியில் என் வாசலைத் தாண்டிக் கீழே போய்த் தேயும்வரை, திருடன் வந்த வீட்டில் தூங்குவதுபோல் நடிப்பவனைப் போல, அசையாமல் நிற்பேன். அப்புறம் போய்ச் செய்தித்தாளை எடுப்பேன். இன்று சத்தம் வருவதற்கு முன்னால் மணி வந்துவிட்டது. உடனே திறந்தால் கதவருகிலேயே இருந்தது தெரிந்துவிடும் என்று கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன். பாருங்கள், இந்த வயதில், மனைவி போன வீட்டில், வாட்ச்மேனிடம் இப்படி ஒரு நாடகம். "ஆடிட்டர் சார், இஸ்திரிக்காரர் இன்னிக்கு வரலை. அவங்க ஊர்ல ஒரு சாவாம். டீச்சரை இறக்கணும். வேன் வந்து நிக்குது. ஒரு கை புடிக்கிறீங்களா?" என்றான் மாசிலாமணி. நான் ஆடிட்டர் இல்லை, உள்ளாட்சித் தணிக்கையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆனால் குடிவந்த புதிதில் யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள், நான் திருத்தவில்லை. எனக்கு மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்தான். வாய் வரைக்கும் வந்தது. "வரேன்ப்பா" என்று சட்டையை மாட்டிக்கொண்டேன்.

டீச்சர் தயாராக உட்கார்ந்திருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பில் பாதிதான் நுழைந்திருந்தது. "அடடா, சாரா? உங்களுக்கு ஏன் சார் சிரமம்?" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மாசிலாமணி கீழ்ப்படியில் நின்று முன்கால்களைப் பிடிக்கிறான், நான் மேலே நின்று முதுகுப் பக்கத்தைப் பிடிக்கிறேன், ஷீபா பையும் ஃபைலுமாக முன்னால் இறங்குகிறாள். தூக்கியதும் தோளிலிருந்து ஒரு நரம்பு கழுத்துக்கு ஓடுகிறது. டீச்சரின் தலை என் மோவாய்க்கு நேர் கீழே இருக்கிறது. வகிட்டில் முடி விலகி வெள்ளையாகத் தலைத்தோல் தெரிகிறது, தேங்காயெண்ணெயும் பவுடரும் மணக்கின்றன. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அது ஒன்றுதான் நிம்மதி. வலது பக்கம் லிஃப்ட். கதவில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய தாளின் ஒரு மூலை பிய்ந்து காற்றில் ஆடுகிறது. அதை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். நாள் முழுக்க இந்தக் கட்டடத்தில் ஏறி இறங்குகிற எல்லாரும் ஒவ்வொரு மாடியிலும் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

இந்த லிஃப்டுக்கென்று ஒரு நிதி இருந்தது. பழைய லிஃப்ட், என்றைக்காவது படுத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும், அதற்காக வீட்டுக்கு வீடு மாதாமாதம் கட்டி வந்தார்கள். சங்கத்துக்கு நான் பொருளாளர் ஆனதும் முதலில் செய்த காரியம் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டது. யாரும் தொடக்கூடாது என்று. செயலாளர் ஒரு கையெழுத்து, பொருளாளர் ஒரு கையெழுத்து, இரண்டும் இருந்தால்தான் செக் போகும். கூட்டத்தில் நான் அதை விளக்கியபோது கைதட்டினார்கள். பணியில் இருந்த காலமெல்லாம் நான் ஒரு அலுவலகத்துக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும், டீ டம்ளரை மேசைக்கடியில் வைப்பார்கள். கைதட்டியதில்லை. வாழ்நாளில் எனக்கு முதலில் விழுந்த கைதட்டல் அது. கைதட்டல் ஒரு கெட்ட சாமான். ஒரு தடவை கேட்ட காது மறுபடியும் கேட்கத் திரியும். தண்ணீரை மாற்றுகிற பெட்டி என்று வினோபா விற்க வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்படித்தான் திரிந்துகொண்டிருந்தேனா? தெரியவில்லை. வளைவு வருகிறது. "சார், கொஞ்சம் இடது பக்கம் வாங்க" என்கிறான் மாசிலாமணி. வருகிறேன். நாற்காலிக் கால் சுவரில் இடிக்கிறது. இந்தச் சத்தம்தான். இத்தனை நாள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டேன், இப்போது என் கையிலிருந்தே வருகிறது. டீச்சர் நாற்காலிக் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறார்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியில் வெள்ளைப் படலம், குழாய் வாயில் கல், குளித்தால் தலை சிக்கு. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். அந்தக் கோபத்தில்தான் எல்லாரும் இருந்தோம். செயலாளர் கார்முகிலன் தன் அலுவலகத்தில் யாரோ சொன்னதாக வினோபாவைக் கூட்டிவந்தார். கார்முகிலன் இப்போது புனேக்கு வேலை மாறிப் போய்விட்டார், வீட்டில் வாடகைக்கு ஆள். வினோபா சின்னப் பையன்தான், முப்பதுகூட இருக்காது, முழுக்கைச் சட்டை, பேச்சில் ஒரு பணிவு. கையில் ஒரு நீலப்பெட்டி. குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதுமாம், உள்ளே ஓடுகிற தண்ணீருக்கு ஏதோ அலை கொடுக்குமாம், வடிகட்டி வேண்டாம், உப்பு மூட்டை வேண்டாம், கரண்டு ஒரு சின்ன பல்புக்கு ஆகிற அளவுதான். யாரோ உப்பு அளக்கிற மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்றார். "உப்பை நாங்க எடுக்கிறதில்லை சார், உப்போட குணத்தைத்தான் மாத்துறோம். மீட்டர் பழைய கணக்கையேதான் காட்டும். நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றான். இதை என் மேசைக்கு எவனாவது எழுதி அனுப்பியிருந்தால் சிவப்பு மையில் என்ன எழுதியிருப்பேன்! அளக்க முடியாத ஒன்றுக்கு அரசுப் பணத்தைக் கொடுத்தது எப்படி என விளக்குக. அன்றைக்கு அந்தச் சிவப்பு மை எங்கே போயிற்று? "சார் தணிக்கையில இருந்தவர்னு சொன்னாங்க, சாரே குடிச்சுட்டுச் சொல்லட்டும்" என்று என் பக்கம் திரும்பினான். எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு காகிதக் கோப்பை. முதலாவது நம் தண்ணீர், தெரிந்த கரிப்பு. இரண்டாவதைக் குடித்தேன். இனித்தது. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், இனித்தது. தொண்டையில் இறங்கும்போது மெத்தென்று இருந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இரண்டாவது கோப்பையை எதிலிருந்து நிரப்பினான்? இந்த இடத்தில்தான் தினமும் வந்து நிற்கிறேன். பெட்டி கட்டிய குழாயிலிருந்தா, அவன் கொண்டுவந்திருந்த கேனிலிருந்தா? நான் அங்கேதானே இருந்தேன். நிரப்புவதைப் பார்த்தேனா? யாரோ எனக்கென்று நாற்காலி கொண்டுவந்து முன்னால் போட்டார்கள், "உக்காருங்க சார்" என்றார்கள், நான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரத் திரும்பினேன். அந்த நேரத்தில்தான் நிரப்பியிருக்க வேண்டும். பார்க்க வேண்டியவன் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

என் வாசல் வருகிறது. அவசரத்தில் சரியாகச் சாத்தாமல் வந்திருக்கிறேன், இடுக்கில் என் சமையலறை வெளிச்சம் தெரிகிறது. அந்த அடுப்பு. சுலோசனா இருந்தவரை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே புலம்பல்தான்: "இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுங்க." எத்தனை விசில் விட்டாலும் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். மத்தால் கடைந்துகொண்டே திட்டுவாள், தண்ணீரை, பில்டரை, இந்த வீட்டை வாங்கிய என்னை. லாரித் தண்ணீரைப் பருப்புக்கு ஊற்ற அவளுக்கு மனசு வராது, குடிக்க மட்டும்தான் அது. அந்த இரண்டாவது கோப்பையைக் குடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, யாரிடமும் சொன்னதில்லை, இனி பருப்பு வேகும் என்று தோன்றியது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செத்தவளுக்குப் பருப்பு வேகட்டும் என்று நாற்பது குடும்பத்துப் பணத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எந்த விளக்கத்தில் எழுதுவது? பாதிப் பணம் முதலில், மீதிப் பாதி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியானால். இந்த நிபந்தனையைப் போட்டது நான்தான். அதற்கும் கைதட்டினார்கள். லாரிச் செலவு மிச்சமாகிறதில் லிஃப்ட் நிதியைத் திருப்பி நிரப்பிவிடலாம் என்று கார்முகிலன் கணக்குக் காட்டினார், நானும் தலையாட்டினேன்.

பெட்டி மாட்டிய மறுநாள் துவரம்பருப்பு கால் கிலோ வாங்கிவந்து, குழாய்த் தண்ணீர் பிடித்து, குக்கரில் வைத்தேன். திறந்தால் பருப்பு பருப்பாகவே கிடந்தது. பழைய பருப்பாயிருக்கும் என்றேன். யாரிடம் சொன்னேன்? அடுப்பிடம். வேறு கடையில் வாங்கினேன். ஊறவைத்து வைத்தேன். மஞ்சள் போட்டு, எண்ணெய் விட்டு, அவள் செய்கிற மாதிரியெல்லாம் செய்தேன். தண்ணீர் தனி, பருப்பு தனி. ஒரு நாள் லாரித் தண்ணீரில் அதே பருப்பை வைத்தேன், குழைந்து வந்தது. அதோடு முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தெரியும். சந்தேகம் இல்லை, தெரியும். அந்த வெந்த பருப்பை நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன், ருசியாக இருந்தது, சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டாவது தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. அந்தப் பாதிப் பணத்தை நிறுத்தியிருந்தால் இன்றைக்கு லிஃப்டுக்குக் கயிறும் கட்டுப்பாட்டுப் பலகையும் மாற்ற அது போதும். மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டதும் நான் மனசுக்குள் முதலில் செய்த கணக்கே அதுதான். போதும், கொஞ்சம் மிச்சம்கூட இருக்கும்.

நான் பணியில் இருந்தபோது, கல்வராயன்மலை அடிவாரத்தில் ஒரு ஒன்றிய அலுவலகம். பெரியதம்பி என்று ஒரு எழுத்தர். மாணவர் விடுதிக்குக் கொசுவை விரட்டுகிற கருவி வாங்கியிருந்தார், மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி கிளப்புமாம். செயல்பாட்டுச் சான்று இல்லை, சோதனை அறிக்கை இல்லை. நான் தணிக்கைத் தடை எழுதினேன். அவர் நான் தங்கியிருந்த லாட்ஜுக்கே வந்து வாசலில் நின்றார். "கொசு கடிக்கலை சார். நானே ஒரு ராத்திரி அங்க போய்ப் படுத்துப் பாத்தேன் சார். சத்தியமா கடிக்கலை" என்றார். "உம்ம தோலை வவுச்சரோட வச்சுத் தைக்க முடியுமாய்யா?" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ரொம்ப நாள் அந்த வசனத்தை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவருடைய பணிக்கொடையில் பிடித்தம் செய்தார்கள். அவர் பாவம், உண்மையாகவே நம்பினார். படுத்துப் பார்த்தார், கடிக்கவில்லை, வாங்கினார். அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவர் தெரியாமல் கொடுத்தார். எனக்குப் பிடித்தம் செய்ய மேலே யாருமில்லை.

"சார், இங்க ஒரு நிமிஷம் வச்சுக்கலாம்" என்கிறான் மாசிலாமணி. இரண்டாவது மாடி நடை. நாற்காலியை இறக்குகிறோம். என் கை இரண்டையும் சுவரில் அழுத்தி வைத்துக்கொள்கிறேன். ஷீபா வேன்காரருக்குப் போன் செய்துகொண்டே கீழே போய்விட்டாள். மாசிலாமணி பீடியை எடுத்து, டீச்சரைப் பார்த்து, திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். டீச்சர் முன்னால் இருக்கிற ஜன்னலைப் பார்த்தபடி, "சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன்" என்கிறார். வந்துவிட்டது. "கேளுங்க டீச்சர்." "அன்னிக்கு அந்தப் பையன் தண்ணி குடுத்தானே, நிஜமாவே உங்களுக்கு இனிச்சுதா?" நான் அவருடைய வகிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இனிச்சுது டீச்சர்." "எனக்கும் ஒரு கோப்பை குடுத்தான், இனிச்சுது சார்" என்று சிரிக்கிறார். "ஆனா பாருங்க, எனக்கு டாக்டர் தண்ணியை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்காரு. நாளெல்லாம் தாகம். எனக்கு எந்தத் தண்ணி குடுத்தாலும் தேனாத்தான் இருக்கும். அதான் என் நாக்கை நம்பலை. அடுத்த கூட்டத்துல கையைத் தூக்கினேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதா. இரண்டாவது தவணைக்கான கூட்டம். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு. எல்லாரும் எழுந்திருக்கிற சமயம், டீச்சர் மட்டும் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழுக் கையையும். "யாராவது வீட்டுல சமைச்சு, துவைச்சு, சோதனை பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். யாரோ சலித்துக்கொண்டார்கள், யாரோ மணி பார்த்தார்கள். கார்முகிலன் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் சமையலறையில் மூடி போட்ட குக்கருக்குள், அன்று காலையும் ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் வைத்துப் பார்த்த, வேகாத பருப்பு இருந்தது, கொட்டாமல் வைத்திருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை. வேகவில்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் முதல் தவணைக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பார்கள், கைதட்டியவர்கள் கேட்பார்கள், ஆடிட்டர் சாரே ஏமாந்தாரா என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், லாட்ஜில் நானே சிரித்திருக்கிறேன். "நான் வீட்டிலயே பண்ணிப் பாத்துட்டேன் டீச்சர். திருப்தி" என்றேன். திருப்தி என்ற சொல்லை அவ்வளவு தெளிவாக நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. மறுநாள் செக் போயிற்று. வினோபாவின் போன் சில நாள் அடித்தது, அப்புறம் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது, அப்புறம் அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. போலீசில் எழுதிக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாரையும் ஏமாற்றிவிட்டான் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்கள், ஏமாந்தவர்கள் வரிசையில். நான் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டேன். லிஃப்ட் நின்றபோது மழைக்காலம். நீலப்பெட்டி மட்டும் மோட்டார் அறையில் இன்னும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, அதைக் கழற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்க பாத்தாச்சுன்னு சொன்னதும்தான் எனக்கு நிம்மதியாச்சு சார்" என்கிறார் டீச்சர். "கையை இறக்கிட்டேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு. பாவம், உங்களையே ஏமாத்திட்டான் பாருங்க." அவர் குரலில் குத்தல் தேடுகிறேன். ஒரு நூலிழை இருந்தால் போதும், பிடித்துக்கொண்டு அழுதுவிடுவேன். இல்லை. நிஜமாகவே எனக்காக வருத்தப்படுகிறார். இப்போது சொல்லலாம். இங்கே, இந்த நடையில், முகம் பார்க்காமல். டீச்சர், பருப்பு வேகலை, எனக்குத் தெரியும். நாலைந்து வார்த்தைதான். மாசிலாமணி இருக்கிறான். மாசிலாமணி இருந்தால் என்ன? மாசிலாமணி கீழே சொல்வான், இஸ்திரிக்காரரிடம் சொல்வான், பால்காரனிடம் சொல்வான். இந்த வீக்கமெடுத்த காலைப் பார்த்துக்கொண்டும் எனக்குப் பால்காரன் நினைப்பு வருகிறது. வாயைத் திறக்கிறேன். "மணி ஆச்சு டீச்சர், தூக்கலாமா?" என்கிறேன். என் குரல்தான்.

மீதிப் படிகள் எப்படி இறங்கின என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு இடத்தில் என் கால் தடுமாறிற்று, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. டீச்சர் "யேசுவே" என்றார். மாசிலாமணி முழங்காலைக் கொடுத்துத் தாங்கினான். அந்த ஒரு கணத்தில் நான் நினைத்தது என்ன? விழுந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்றுதான். அவருக்கு அடிபடும் என்று அப்புறம்தான் தோன்றிற்று. அந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரிந்தது, முதலில் எது, அடுத்து எது என்று. அதற்கப்புறம் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்று பட்டது, பட்டும் கால் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கீழே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வேன் கதவைத் திறந்து டீச்சரைத் தூக்கி உள்ளே வைத்தோம். "ரொம்ப நன்றி சார்" என்று கையைக் கூப்பினார். ஊசி குத்திக் குத்தி முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி எழும்பியிருந்தது.

ஷீபா நாற்காலியை ஓரமாக வைக்க வந்தாள். என்னவோ ஒரு வேகம் வந்தது எனக்கு. தனியாகத்தானே நிற்கிறாள், இவளிடமாவது. பருப்பைப் பற்றி வரவில்லை, வந்தது வேறு. "அம்மா ஷீபா, லிஃப்டுக்கு வேண்டிய பணத்தை நானே போட்டுடலாம்னு இருக்கேன். என் சொந்தப் பணம். இந்த வாரத்துலயே." சொல்லும்போதே நெஞ்சு விம்மியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். சம்பளம், மருந்து, வேன் வாடகை என்று ஓடி ஓடித் தூக்கமில்லாத கண். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேனா? "சார், தப்பா நினைக்காதீங்க" என்றாள் மெதுவாக. "இதை அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. செயலாளர் போறதுக்கு முன்னாடி இதேதான் சொல்லிட்டுப் போனாரு, பணம் அனுப்புறேன்னு. அம்மா தினமும் காலைல லிஃப்ட் சத்தம் கேக்குதான்னு கேட்டுட்டே இருந்தாங்க. நீங்க செஞ்சுட்டுச் சொல்லுங்க சார். செஞ்சதுக்கப்புறம் சொல்லுங்க." கோபமே இல்லை. கடையில் பொருளைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பது போல என் வார்த்தையை வைத்துவிட்டு, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேன் வளைவில் திரும்பிப் போயிற்று.

செய்துவிடுகிறேன். இப்போதே செய்துவிடுகிறேன். வங்கி இரண்டு தெரு தள்ளித்தான். சுலோசனா போன பிறகு என் வைப்புத்தொகையை மகன் பெயரையும் சேர்த்துப் போட்டேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும், வயதான காலத்தில் பாதுகாப்பு என்று நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு. ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன். இளம்பரிதி உடனே எடுத்தான். "டெபாசிட்டை உடைக்கணும்ப்பா. உன் கையெழுத்து வேணும்." "அப்பா, உங்ககிட்ட யாராவது பேசினாங்களா? போன்ல ஏதாவது நம்பர் கேட்டாங்களா? ஓடிபி சொல்லலையே?" "இல்லப்பா, இங்க லிஃப்டுக்கு..." "லிஃப்டுக்கு நீங்க ஏன்ப்பா தனியா போடணும்? யார் கேட்டது? எழுத்துல ஏதாவது குடுத்தாங்களா?" எழுத்தில். நல்ல பிள்ளை, கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கேட்கிறான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பருப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அப்பா, ஒண்ணும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. பொங்கலுக்கு வரேன்ல, வந்து நானே விசாரிக்கிறேன். சரியா?" வெயில் காருக்கடியிலிருந்து நகர்ந்து என் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. "சரிப்பா" என்றேன். போனை வைத்ததும் உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி இறங்கியது, குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்த மாதிரி. அது என்ன என்று எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. நிம்மதி.

மாசிலாமணி நாற்காலியைத் துடைத்துச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தான். "சார், சாயங்காலம் திரும்ப மேல ஏத்தணும். இஸ்திரிக்காரர் வர ரெண்டு நாளாகும். நீங்க இருப்பீங்களா, இல்ல வேற ஆள் பாக்கவா?" என்று கேட்டான். மூட்டு வலித்தது.

"வேற ஆள் பாருப்பா" என்றேன்.